கட்டுவிரியன் விஷமும் நரம்பும்: உண்மை கண்டறியப்பட்ட வரலாறு
(வானொலியில் ஒலிபரப்பான உரை. வழங்கியவர்: வேளாண்மை விரிவாக்க அலுவலர், திருவண்ணாமலை)



இந்த நேரத்தில் உரம், விதை, பூச்சி மருந்து என்று பேசுவதுதான் வழக்கம். இன்றைக்கு வேறு ஒரு சங்கதி. பயிருக்கு வருகிற ஆபத்தைப் பற்றி எவ்வளவோ பேசியாயிற்று. பயிர் செய்கிறவருக்கு வருகிற ஆபத்தைப் பற்றியும் பேச வேண்டாமா? அதனால்தான் பாம்பு விஷத்தைப் பற்றி, அதிலும் நரம்பைப் பிடிக்கிற விஷத்தைப் பற்றி, இருநூறு வருஷத்துக்கு மேலாக மனிதர் தெரிந்துகொண்டதைச் சொல்லப்போகிறேன். கதையாகக் கேளுங்கள். கடைசியில் நம் வீட்டுக்கு வேண்டிய பாடம் ஒன்று இதில் இருக்கிறது.

நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை இருபது வருஷத்தில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. சராசரியாகப் பார்த்தால் வருஷத்துக்கு 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். பெரும்பாலும் மழைக்காலம். அதாவது நாற்று நடுகிறவர், களை எடுக்கிறவர், மல்லாட்டை பிடுங்குகிறவர், களத்தில் காவல் படுக்கிறவர். வேறு யாரோ இல்லை, நாம்தான்.

நான்கு பாம்பு, இரண்டு வழி

நம் பக்கத்தில் உயிருக்கு ஆபத்தான பாம்புகள் முக்கியமாக நான்கு. நாகம் என்கிற நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பெயரைப் பார்த்தால் மூன்று விரியனும் ஒரே குடும்பம் என்று தோன்றும். அப்படி இல்லை. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் ஒரு சாதி. அவற்றின் விஷம் முக்கியமாக ரத்தத்தைக் கெடுக்கும். கடித்த இடம் வீங்கும், வலிக்கும், ரத்தம் உறையாமல் கசியும். கட்டுவிரியனோ பெயரில் மட்டும்தான் விரியன். உண்மையில் அது நாகத்துக்குப் பங்காளி. இந்த இரண்டின் விஷமும் நரம்பு வழியாக வேலை செய்யும்.

கட்டுவிரியன் கறுத்து மினுமினுப்பாக இருக்கும். உடம்பில் வெள்ளைக் கட்டுகள் மெல்லிசாக, பெரும்பாலும் இரட்டை இரட்டையாக ஓடும். பகலில் பதுங்கிக் கிடக்கும், ராத்திரியில் நடமாடும். அது கடித்தால் பல பேருக்கு வலி தெரியாது. வீக்கமும் கிடையாது. பல் பட்ட அடையாளம்கூடத் தேடினால்தான் தெரியும். பாயில் படுத்திருந்தவர் எறும்பு கடித்தது என்று புரண்டு படுத்துவிடுவார். விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். அப்புறம் கண் இமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. கடைசியில் மூச்சு நிற்கும்.

ஒரு பொட்டு ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. திடகாத்திரமான ஆள் ஒருவரின் மூச்சு எப்படி நின்றுபோகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க இருநூறு வருஷம் ஆயிற்று.

சோழமண்டலக் கரையில் ஆரம்பித்த கதை

பேட்ரிக் ரஸ்ஸல் என்று ஸ்காட்லாந்து தேசத்து வைத்தியர் ஒருவர். 1780-களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராஜதானியில் இயற்கை ஆராய்ச்சியாளராக வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் கம்பெனிச் சிப்பாய்க்கும் குடியானவனுக்கும் பாம்பு பெரிய பயம். எந்தப் பாம்பு விஷப்பாம்பு, எது சாதுப் பாம்பு என்று பிரித்துச் சொல்ல நிச்சயமான வழி இல்லை. ரஸ்ஸல் ஊர் ஊராகப் பாம்புகளைச் சேகரித்தார். உள்ளூர் ஜனங்கள் சொன்ன பெயர்களையே எழுதிக்கொண்டார். நாய், கோழிகளைக் கடிக்க விட்டு ஒவ்வொரு பாம்பின் விஷத்தையும் சோதித்தார். 1796-ல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி அவருடைய புத்தகம், படங்களோடு லண்டனில் வெளிவந்தது. கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரைத்தான் பின்னால் வைத்தார்கள்.

அந்த நாளில் பாம்புக்கடிக்குத் தஞ்சாவூர் மாத்திரை என்று ஒன்று ரொம்பப் பிரசித்தம். வெள்ளைப் பாஷாணம் சேர்த்துச் செய்தது. வெள்ளைக்காரர்களே அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரஸ்ஸல் அதையும் விடவில்லை, பிராணிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். ஒரு மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பதை ஒருவர் பிழைத்தார் என்ற கதையை வைத்துச் சொல்லக் கூடாது, சோதித்துத்தான் சொல்ல வேண்டும் என்று நம் மண்ணில் செய்து காட்டிய ஆரம்ப காலத்தவரில் அவர் ஒருவர்.

இது இன்றைக்கும் வேண்டிய பாடம். ஏன் என்றால், கடிக்கிற பாம்புகளில் பாதிக்கு மேல் விஷம் இல்லாதவை. விஷப்பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷம் இறங்குவதில்லை. அந்த ஆட்கள் மந்திரித்தாலும் பிழைப்பார்கள், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பார்கள். பெயர் மட்டும் மந்திரித்தவருக்குப் போய்விடும்.

தவளையும் அம்பு விஷமும்

இனி நாம் கொஞ்சம் கடல் தாண்டிப் போக வேண்டும். தென் அமெரிக்கக் காட்டு ஜனங்கள் அம்பு நுனியில் குராரே என்ற செடி விஷத்தைத் தடவி வேட்டையாடுவார்கள். அம்பு பட்ட பிராணி துவண்டு விழும். 1840-களிலும் 1850-களிலும் பிரான்சு தேசத்து விஞ்ஞானி கிளாட் பெர்னார் இந்த விஷத்தைத் தவளைக்குக் கொடுத்து ஆராய்ந்தார். அவர் கண்டது விசித்திரமாக இருந்தது. நரம்பு கெடவில்லை. தசையும் கெடவில்லை, அதை நேராகத் தூண்டினால் துடித்தது. ஆனால் நரம்பைத் தூண்டினால் தசை அசையவில்லை. அப்படியானால் கோளாறு நரம்பிலும் இல்லை, தசையிலும் இல்லை. இரண்டும் சந்திக்கிற இடத்தில் இருக்கிறது!

கல்கத்தாவில் வைத்தியராக இருந்த ஜோசப் பேரர் 1872-ல் இந்திய விஷப்பாம்புகளைப் பற்றிப் பெரிய புத்தகம் வெளியிட்டார். அதைத் தொடர்ந்து அவரும் லண்டன் வைத்தியர் லாடர் பிரண்டனும் சேர்ந்து நாகத்தின் விஷத்தை ஆராய்ந்தார்கள். நாக விஷமும் கிட்டத்தட்ட குராரே மாதிரியே நரம்பு முனையைச் செயலற்றதாக்குகிறது என்று கண்டார்கள். இன்னொன்றும் கண்டார்கள். அதுதான் நமக்கு முக்கியம். விஷம் ஏறி மூச்சு நின்ற பிராணிக்குத் துருத்தி மாதிரி காற்றை ஊதிக்கொண்டே இருந்தால், அதன் இதயம் மணிக்கணக்கில் துடித்துக்கொண்டே இருந்தது. அதாவது இந்த விஷத்தில் முதலில் நிற்பது இதயம் இல்லை, மூச்சை இழுத்து விடுகிற தசைதான். யாராவது மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் உயிர் தங்கும்.

1870-களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் ஆளுக்குப் பொருந்துகிற நல்ல சுவாசக் கருவி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர இன்னும் எழுபது எண்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

குதிரை தந்த மருந்து

இதற்கிடையே முறிவு மருந்து வந்தது. இன்றைய வியட்நாமில் உள்ள சைகோனில் வேலை பார்த்த ஆல்பர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு வைத்தியர், 1890-களில் நாக விஷத்தைப் பிராணிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசியில் ஏற்றிப் பழக்கினார். பழகிய பிராணியின் ரத்தத்தில் விஷத்தை முறிக்கிற சத்து உண்டாயிற்று. பிறகு குதிரைகளை அப்படிப் பழக்கி, ரத்தத்திலிருந்து அந்தச் சத்தைப் பிரித்து மனிதருக்கு ஊசி போட்டார்கள். இன்றைக்கும் விஷ முறிவு ஊசி அடிப்படையில் இப்படித்தான் தயாராகிறது.

எல்லாப் பாம்புக்கும் இந்த ஒரு மருந்தே போதும் என்று கால்மெட் நினைத்தார். இந்தியாவில் மருத்துவப் பணியில் இருந்த ஜார்ஜ் லாம்ப் 1900-களின் ஆரம்பத்தில் சோதித்துப் பார்த்து, நாகத்தின் மருந்து கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்காது என்று காட்டினார். இந்தப் பூட்டுக்கு இந்தச் சாவிதான். அதனால்தான் இப்போது நம் ஆஸ்பத்திரிகளில் தருவது, நான்கு பாம்புகளின் விஷத்தையும் குதிரைக்குப் பழக்கி எடுத்த கூட்டு மருந்து. கடித்த பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியம் அதனால்தான் இல்லை.

பாலம் இல்லாத ஆறு

மருந்து வந்துவிட்டது. ஆனால் நரம்பும் தசையும் சந்திக்கிற இடத்தில் என்னதான் நடக்கிறது என்பது அப்போதும் தெரியாது. மூளையிலிருந்து வருகிற நரம்பு, பம்புசெட்டுக்கு வருகிற மின்கம்பி மாதிரி. ஆனால் மின்கம்பி மோட்டாரோடு இணைந்திருக்கும், நரம்போ தசையோடு ஒட்டவில்லை. நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரம் பங்கு போட்டால் வருகிற ஒரு பங்கு. இந்தச் சந்திப்புக்கு 1897-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ஷெரிங்டன் சினாப்ஸ் என்று பெயர் வைத்தார். நாம் நரம்புச் சந்தி என்று சொல்லிக்கொள்ளலாம்.

அந்த இடைவெளியைச் சேதி எப்படித் தாண்டுகிறது? 1921-ல் ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளை இதயங்களைத் தனித்தனியாகத் திரவத்தில் துடிக்க வைத்தார். ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயம் இருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் துடிப்பு குறைந்தது! அப்படியானால் நரம்பு ஏதோ ஒரு சரக்கைச் சுரக்கிறது, அதுதான் சேதியைக் கொண்டுபோகிறது என்று ருசுவாயிற்று. அந்தச் சரக்கின் பெயர் அசிட்டைல்கோலின். நாம் கை காலை அசைக்கிற தசைகளுக்கும் இதே சரக்குதான் சேதி கொண்டுபோகிறது என்று ஹென்றி டேலும் அவர் கூட்டாளிகளும் 1930-களில் காட்டினார்கள். லோவிக்கும் டேலுக்கும் 1936-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சரக்கு பொட்டலம் பொட்டலமாக, ஒரு பொட்டலத்தில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளாகக் கொட்டுகிறது என்று 1950-களில் பெர்னார்ட் காட்ஸ் கண்டார்.

இதை மனசில் பதிய வைக்க ஓர் உதாரணம் சொல்கிறேன். பாலம் இல்லாத ஓர் ஆற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இக்கரை நரம்பு, அக்கரை தசை. இக்கரையில் பரிசல்கள் அடுக்கி வைத்திருக்கின்றன. மூளையிலிருந்து உத்தரவு வந்ததும் பரிசல்கள் புறப்படும். அக்கரையில் படித்துறைகள் இருக்கின்றன, பரிசல் வந்து படித்துறையில் ஒதுங்கினால் தசை சுருங்கும். ஒதுங்கிய பரிசலை உடனே அகற்ற அங்கே ஓர் ஆள் இருக்கிறான். அவன் இடத்தைக் காலி செய்தால்தான் அடுத்த பரிசல் ஒதுங்கும். அந்தப் பரிசல்தான் அசிட்டைல்கோலின். படித்துறையை ஏற்பி என்பார்கள். அகற்றுகிற ஆள் ஒரு நொதி, அதாவது என்சைம். நாம் கண் சிமிட்டுவதும் மண்வெட்டி பிடிப்பதும் மூச்சு விடுவதும் இந்தப் பரிசல் போக்குவரத்தால்தான்.

விஷமே விளக்கானது

இப்போது தைவான் தீவுக்குப் போவோம். அங்கேயும் ஒரு கட்டுவிரியன் சாதி இருக்கிறது. சாங், லீ என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதன் விஷத்தைப் பிரித்து, 1963-ல் அதில் இரண்டு விதமான நரம்பு விஷம் இருப்பதைச் சொன்னார்கள். பாம்பின் லத்தீன் பெயரை ஒட்டி ஒன்றுக்கு ஆல்பா பங்காரோடாக்சின், மற்றதற்கு பீட்டா பங்காரோடாக்சின் என்று பெயர். பெயர் ஞாபகம் இல்லாவிட்டால் பாதகம் இல்லை. முதல் விஷம், இரண்டாம் விஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷம் அக்கரைப் படித்துறையில் வந்து உட்கார்ந்துகொள்ளும், லேசில் எழுந்திருக்காது. பரிசல் வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. நம் ஊர் நாகத்தின் நரம்பு விஷமும் இந்த ரகம்தான். இரண்டாம் விஷம் அக்கரைக்கே போவதில்லை. இக்கரையில் பரிசல் கட்டி வைத்திருக்கிற கொட்டகையையே நாசம் செய்துவிடும். நம் ஊர்க் கட்டுவிரியனிடம் இந்த இரண்டு ரகமும் இருக்கிறது. இரண்டாவதுதான் ரொம்பப் பொல்லாதது.

அதுவரை படித்துறையை யாரும் தனியாகப் பிரித்து எடுத்ததில்லை. தசையில் அது அவ்வளவு கொஞ்சமாகக் கலந்து கிடந்தது. படித்துறையை விடாமல் பிடிக்கிற பாம்பு விஷத்தையே கருவியாக வைத்துத் தேடினால் என்ன என்று யோசித்தார்கள். நெல்லில் கலந்த இரும்புத் தூளைக் காந்தம் வைத்து இழுப்பதில்லையா, அந்த மாதிரி. மின்சாரம் பாய்ச்சி இரை பிடிக்கிற மின்விலாங்கு என்ற மீனின் உடம்பில் இந்தப் படித்துறைகள் நெருக்கமாக இருக்கும். பாரிஸ் நகரத்து விஞ்ஞானி ஷான்ஜோ, தைவான் லீயோடு சேர்ந்து, 1970-ல் அந்த மீனிலிருந்து படித்துறையை விஷத்தின் உதவியால் அடையாளம் கண்டார். நரம்புச் சரக்கை வாங்குகிற ஏற்பி ஒன்றை மனிதர் கையில் பிடித்தது அதுதான் முதல் தடவை. 1980-களின் ஆரம்பத்தில் ஜப்பான் விஞ்ஞானி நூமாவின் குழு, மின்சார மீன் ஒன்றில் அந்த ஏற்பியை உண்டாக்குகிற மரபணுக்களையே படித்துவிட்டது. ஐந்து துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு மடை இருக்கிற அமைப்பு அது. சரக்கு வந்து தொட்டால் மடை திறக்கும்.

மீனையும் பாம்பையும் ஆராய்ந்து ஜனங்களுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். மயஸ்தீனியா என்று ஒரு நோய் உண்டு. பாம்பு கடிக்காமலே கண் இமை தொங்கும், சாயங்காலம் ஆக ஆகக் கை கால் சோர்ந்துவிடும். காரணம் தெரியாத நோயாக இருந்தது. 1973-ல் அமெரிக்காவில் பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் என்ற இருவர், மீனிலிருந்து எடுத்த ஏற்பியை முயலுக்கு ஊசி போட்டார்கள். முயலுக்கு அதே நோய் வந்தது. தன் உடம்பின் காவல் படையே தன் படித்துறையைத் தாக்குவதால் வருகிற நோய் என்று புரிந்தது. அதே வருஷம் பாம்பு விஷத்தை வைத்து எண்ணிப் பார்த்து, இந்த நோயாளிகளின் தசையில் படித்துறைகள் குறைந்திருப்பதையும் கண்டுகொண்டார்கள். இன்று இந்த நோய்க்குச் சரியான வைத்தியம் இருக்கிறது.

ஊசி போட்டும் இமை தூக்கவில்லையே?

இனி நம் பிரச்சினைக்கு வருவோம். நாகம் கடித்தவருக்கு முறிவு ஊசியோடு, நியோஸ்டிக்மின் என்ற மருந்தையும் அட்ரோபினையும் டாக்டர்கள் கொடுப்பார்கள். இது பரிசலை அகற்றுகிற ஆளைக் கொஞ்ச நேரம் கட்டிப்போடும் மருந்து. பரிசல்கள் ஆற்றில் சுற்றிச் சுற்றி வந்து, மிச்சமிருக்கிற படித்துறையில் ஒதுங்கும். தொங்கிய இமை தூக்கிக்கொள்ளும். கட்டுவிரியன் கடித்தவருக்கு இதே மருந்து பெரும்பாலும் பலிப்பதில்லை. ஏன்? இக்கரையில் பரிசலே இல்லையே! வராத பரிசலை எப்படி ஒதுக்குவது?

முறிவு ஊசியும் அப்படித்தான். ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிற விஷத்தை அது பிடிக்கும். ஆனால் ஏற்கெனவே கொட்டகைக்குள் நுழைந்து நாசம் செய்த விஷத்தை அதனால் திருப்ப முடியாது. எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு லாபம்.

அப்படியானால் தாமதித்துப் போனவர் கதி? இங்கேதான் நல்ல சேதி. 1999-ல் டிக்ஸன், ஹாரிஸ் என்ற இரு விஞ்ஞானிகள் இந்த இரண்டாம் விஷத்தை எலிகளுக்குக் கொடுத்து நரம்பு முனைகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். முனைகள் அழிந்திருந்தன. ஆனால் சில நாளில், வெட்டிய கொம்பு துளிர்ப்பதுபோல, நரம்பு மறுபடி துளிர்த்துத் தசையைத் தொட்டது! ஆக, கட்டுவிரியன் விஷம் நரம்பை நிரந்தரமாகக் கொல்வதில்லை. துளிர்க்கிறவரை மூச்சு ஓடினால் ஆள் பிழைத்துக்கொள்வார்.

இலங்கையில் அனுராதபுரத்தில், நம்மைப் போலவே ஏரியும் நெல்லுமாக வாழ்கிற பகுதியில், 1996 முதல் 1998 வரை கட்டுவிரியன் கடித்து ஆஸ்பத்திரிக்கு வந்த 210 பேரை டாக்டர் குலரத்ன கவனித்து எழுதினார். பெரும்பாலோர் ராத்திரி தரையில் தூங்கும்போது கடி வாங்கியவர்கள். பலரைச் சுவாசக் கருவியில் வைத்தார்கள். மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள். 1870-களில் பேரரும் பிரண்டனும் கண்ட துருத்திப் பாடம் நூற்றி இருபது வருஷம் கழித்து ஏழை விவசாயியின் உயிரைக் காப்பாற்றியது.

இன்னொரு முக்கியமான விஷயம். கட்டுவிரியன் விஷம் முற்றியவர் கண் திறக்க மாட்டார், விரல் அசைக்க மாட்டார், வெளிச்சம் காட்டினாலும் கண்மணி சுருங்காமல் போகலாம். பார்த்தால் பிணம் மாதிரி இருக்கும். ஆனால் அவருக்கு நினைவு இருக்கலாம், நாம் பேசுவது காதில் விழலாம். முடங்கியது தசை, மூளை இல்லை. அதனால் வழியிலேயே முடிந்துபோயிற்று என்று வண்டியைத் திருப்பாதீர்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மருந்துக்குப் பின்னால் இருளர் கை

குதிரைக்குப் பழக்க விஷம் வேண்டுமே, அதை யார் எடுத்துத் தருகிறார்கள்? நம் மாவட்டத்திலும் செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கத்திலும் வாழ்கிற இருளர் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பும் எலியும் பிடித்தவர்கள். ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரிகளுக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றது. பிழைப்புப் போயிற்று. பாம்பு ஆராய்ச்சியாளர் ராமுலஸ் விட்டேக்கர் துணை நிற்க, 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிறது. அவர்கள் நான்கு சாதிப் பாம்பையும் பிடித்து வந்து, பானையில் வைத்துப் பராமரித்து, சில வாரங்களுக்குள் சில தடவை விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டிலேயே விடுகிறார்கள். நாட்டில் தயாராகும் விஷ முறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போய் வந்திருக்கிறது. இவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நம் ஊரில் ஓர் இருளரைப் பார்த்தால் இந்த உதவியை நினைத்துப் பாருங்கள்.

நம் கையில் இருக்கிற நரம்பு விஷம்

இதே ஆற்றங்கரையில் வேலை செய்கிற இன்னொரு விஷம் நம் வீட்டு மூலையிலேயே இருக்கிறது. 1936-ல் ஜெர்மனியில் ஷ்ராடர் என்ற ரசாயன விஞ்ஞானி பூச்சி கொல்ல மருந்து தேடப்போய், மனிதரையும் கொல்கிற டேபூன் என்ற கொடிய விஷத்தைக் கண்டுபிடித்தார். அதே வழியில் 1944-ல் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து வந்தது. பாஸ்பரஸ் கலந்த இந்த வகைப் பூச்சிமருந்துகள், பரிசலை அகற்றுகிற ஆளை ஒரேயடியாக முடக்கிவிடும். பாம்பு விஷத்துக்கு நேர் எதிர். படித்துறையில் பரிசல் வந்து வந்து நெரிசலாகிவிடும். வியர்த்துக் கொட்டும், வாயில் நீர் ஊறும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசை துடிக்கும். அப்புறம் தசை சோர்ந்து மூச்சு முட்டும்.

1958-ல் கேரளத்தில், கப்பலில் வந்த உணவுச் சரக்கில் பாரத்தியான் கசிந்து கலந்து, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான் 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. இந்த விஷத்துக்கும் மருந்து இருக்கிறது. அட்ரோபின் ஒன்று. முடங்கிய ஆளை விடுவிக்க 1955-ல் அமெரிக்காவில் வில்சனும் கின்ஸ்பர்க்கும் உண்டாக்கிய பிராலிடாக்சைம் இன்னொன்று. நரம்புச் சந்தியில் என்ன நடக்கிறது என்று தெரிந்ததால் வந்த மருந்து. ஆகவே மருந்தடிக்கும்போது முகத்தை மூடுங்கள், காற்றுக்கு எதிரே அடிக்காதீர்கள், மேலே பட்டால் சோப்புப் போட்டுக் குளியுங்கள். மயக்கமாக வந்தால் மருந்து டப்பாவின் சீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செய்ய வேண்டியது என்ன?

வரலாற்றைச் சொன்னது இதற்காகத்தான். பாம்பு கடித்தால், அல்லது ராத்திரி தரையில் படுத்தவர் காலையில் வயிற்றுவலி, இமை தொங்கல், பேச்சுக் குழறல் என்று எழுந்தால், நேரே ஆஸ்பத்திரிதான். 108-ஐக் கூப்பிடுங்கள். கடிபட்ட கை காலை எலும்பு முறிந்ததுபோல் அசையாமல் கட்டை வைத்துத் தாங்குங்கள். வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றிவிடுங்கள். இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள், கத்தியால் கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். விஷம் ஏறிற்றா என்று பார்க்க மிளகாய், வேப்பிலை கொடுத்து மெல்லச் சொல்வார்களே, அதையும் செய்யாதீர்கள். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக் குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எத்தனை மணிக்கு இமை தொங்கியது, எத்தனை மணிக்குப் பேச்சு குழறியது என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். கட்டுவிரியன் கடி என்று சந்தேகம் இருந்தால், சுவாசக் கருவி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று டாக்டரையே கேளுங்கள்.

வருமுன் காப்பது இன்னும் சுலபம். மழைக்காலத்தில் கட்டிலில் படுங்கள். கொசுவலையைப் பாய்க்கும் மெத்தைக்கும் அடியில் நன்றாகச் செருகி விடுங்கள். நெல் மூட்டையும் மல்லாட்டை மூட்டையும் இருக்கிற அறையில் படுக்காதீர்கள், தானியம் இருக்கிற இடத்துக்கு எலி வரும், எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். ராத்திரி வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனால் டார்ச் விளக்கு கையில் இருக்கட்டும், காலில் செருப்பாவது இருக்கட்டும். விறகு, வைக்கோல் எடுக்கும்போது முதலில் கோலால் தட்டுங்கள்.

2017-ல் உலகச் சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024-ல் தமிழ்நாடு அரசு இதை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. 2030-க்குள் பாம்புக்கடிச் சாவைப் பாதியாகக் குறைப்பது மத்திய அரசின் குறிக்கோள். தவளையில் ஆரம்பித்து மீன், எலி, குதிரை வரை எத்தனையோ உயிர்களை வைத்துத் தெரிந்துகொண்ட அறிவு இது. அது ஆஸ்பத்திரி வாசலில் நமக்காகக் காத்திருக்கிறது. வாசல் வரை போய்ச் சேருவது நம் பொறுப்பு. முதல் ஒரு மணி நேரத்தை வேறு எங்கும் செலவழித்துவிடாதீர்கள்.